தனித் தம்ளர்

1936, ஆடி 9

ஆத்திரத்தில் தூக்கம் வரவில்லை. குற்றாலச் சீசனுக்கென்று மதுரையிலிருந்து வந்த நாத்தனார், இருமலோடுதான் வண்டியை விட்டு இறங்கினாள். அவளுக்குத் தனித் தம்ளர் வைத்தேன். "என் தங்கச்சிய ஒதுக்கியா வைக்கே?" என்று இவர் எரிந்து விழுந்தார். எடுத்துவிட்டேன். இப்போது என் மகள் காய்ச்சலில் கிடக்கிறாள். இன்புளூயன்சா, ஓய்வும் கஞ்சியும் போதும், குளிக்கவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இன்று நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நாத்தனார் அவளைப் பேரருவிக்குக் கூட்டிப்போய்த் தலை நனைய நிறுத்தியிருக்கிறாள். "மூலிகைத் தண்ணில்லா மதினி! தலையில விழுந்தா காய்ச்சல் பறந்துரும்" என்கிறாள். பிள்ளை பல் கிடுகிடுக்க நடுங்குகிறது. இவர் தங்கையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படுக்கப் போகும்போதுதான் வாயைத் திறந்தார்: "புள்ள குடிச்ச தம்ளர்ல எனக்குத் தண்ணி தந்துராத, என்ன?"