சுற்றுச்சுவர் எழுந்த ஆண்டு

9 ஜூலை 2024, செவ்வாய்

காலையில் டிபார்ட்மென்டுக்குள் நுழைந்ததுமே பதிவாளர் கூப்பிட்டு அனுப்பினார். டிசம்பரில் பல்கலைக்கழகத்துக்குத் தரம் போட மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்கான ஒருங்கிணைப்பு வேலை ஏற்கெனவே என் தலையில்தான். இப்போது பல்கலைக்கழகத்தின் வரலாற்றையும் நானே எழுத வேண்டுமாம். "நீங்க இந்த ஊர்க்காரங்க மேடம். ஆரம்பத்துல இருந்து பாத்திருக்கீங்க. நாலு பக்கம் போதும்."

பார்த்திருக்கிறேன்தான். இருபது வருடத்துக்கு முன்பு இங்கே நாலு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைகள் இருந்தன. மழை வந்தால் பாடம் நடத்துவது காதில் விழாது. போர்டில் எழுதிப் போட்டுவிட்டு நிற்போம். கந்தர்வக்கோட்டை பஸ் நிற்காமல் போகும், கையைக் காட்டிக்கொண்டே பின்னால் ஓட வேண்டும். இன்றைக்குப் பதினெட்டுத் துறை, மூன்று ஹாஸ்டல். பஸ் உள்ளேயே வந்து திரும்பிப் போகிறது. மணமேல்குடிப் பக்கமிருந்தெல்லாம் பெண் பிள்ளைகள் வருகிறார்கள், அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவர்கள். எனக்கு இதில் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் அலுப்பாக இருக்கிறது. பொருளியல் சொல்லிக்கொடுக்கத்தான் வேலைக்கு வந்தேன். நிம்மதியாக ஒரு வகுப்பு எடுத்து எத்தனை நாளாயிற்று?

14 ஜூலை, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து மகள் பிளெஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். குவார்ட்டர்ஸிலிருந்து மேலக்காடு கொஞ்ச தூரம்தான். லேடீஸ் ஹாஸ்டலுக்குப் பின்னால் போகும் பழைய வண்டிப்பாதையில் நடந்தால் ஊர் வந்துவிடும். ஊர்க்காரர்கள் பஸ் ஏற வருவதும் அதே வழியில்தான்.

நான் எழுதி வைத்திருந்த வரலாற்றைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று பிளெஸ்ஸி ஆரம்பித்தாள். "பயனற்றுக் கிடந்த தரிசு நிலத்தில்..." அவ்வளவுதான். அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"தரிசா? எது ஆத்தா தரிசு? நம்ம நாலு ஏக்கர்லயும் முந்திரி காய்ச்சுக் கெடந்துச்சு. அந்தக் கொட்டைய வித்துத்தான் ஒன்னய எம்.ஏ. வரைக்கும் படிக்க வச்சேன்."

"பழைய அறிக்கையில அப்படித்தாம்ப்பா போட்டிருக்கு."

"அப்ப அதையே குடுத்துற வேண்டியதுதானே. நீ என்னத்துக்கு ஒக்காந்து எழுதுற?"

வீட்டுக்கு வந்து அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: மேலக்காட்டு மக்கள் தங்கள் முந்திரித் தோப்புகளையும் மேய்ச்சல் நிலத்தையும் கொடுத்த இடத்தில்.

16 ஜூலை

நேற்றுக் கொடுத்த வரலாறு பதிவாளரிடமிருந்து திருத்தப்பட்டு வந்துவிட்டது. மறுபடியும் தரிசு.

6 ஆகஸ்ட், செவ்வாய்

மூன்று மணி நேரக் கூட்டம். வளாகத்தைச் சுற்றி முழுக்கச் சுவர் எழுப்பப் போகிறார்கள். குழு வருவதற்குள் முடிய வேண்டும். வண்டிப்பாதை அடைபடும். மேலக்காட்டு ஆட்கள் கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் ரோட்டுக்கு வர வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் அந்தக் கரையில் மாடே வழுக்கும்.

பதிவாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போன வருடம் வெளியாட்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து ஹாஸ்டல் பிள்ளைகளிடம் வம்பு செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் அழுதுகொண்டு என்னிடம்தான் வந்தார்கள். நானே அன்றைக்கு, "ஒரு சுவராவது கட்டக் கூடாதா?" என்று கத்தியிருக்கிறேன்.

ஆனால் கஜா புயல் அடித்த அன்று? மேலக்காடு முழுக்க அந்தப் பாதையில்தான் ஓடிவந்து நம் வகுப்பறைகளில் படுத்திருந்தது. விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து வளாகத்தில் விழுந்து கிடந்த மரங்களையெல்லாம் வெட்டி வழி பண்ணினார்கள். பிறகுதான் கொடுத்ததுபோகத் தங்களிடம் இருந்த கொஞ்சத் தோப்பைப் பார்க்கப் போனார்கள். போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னேனா? சொல்லவில்லை. கடைசியில் பதிவாளர், "மேடம், ஊர்ல நீங்களே ஒரு வார்த்தை பேசிருங்க. உங்க அப்பா சொன்னா கேப்பாங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

பேசினேன். ரேஷன் கடை வாசலில் இருபது பேர் இருப்பார்கள். பாதுகாப்பு, குழு, வளர்ச்சி என்று மேடைப்பேச்சு மாதிரி வந்தது. எனக்கே சகிக்கவில்லை.

காத்தாயி எழுந்தாள். என்னோடு ஐந்தாவது வரை படித்தவள். ஹாஸ்டலில் ஒப்பந்தத்தில் பெருக்குகிறாள்.

"வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலன்னு சொல்லித்தானே எடத்த வாங்குனாங்க? ஒன் வீட்டுக்கு நாற்காலி கெடச்சுச்சு, எங்க வீட்டுக்கு வெளக்கமாறு. சரின்னு அதையும் வாங்கிக்கிட்டோம். இப்ப பெருக்க வர்ற வழியையும் அடைக்கணும், அதையும் நீயே வந்து சொல்றியா ஷர்லி?"

அப்பா பாய்ந்து எழுந்தார். "எம்மக படிச்சு வாங்குன வேல அது. எடத்தக் காட்டியா வாங்குனா?"

அவர் அப்படிக் கத்தாமல் இருந்திருக்கலாம். ஒன்பது வருடம் கௌரவ விரிவுரையாளராகக் கிடந்து, இன்டர்வியூவுக்குப் போய், வாங்கிய வேலைதான். ஆனாலும் இன்டர்வியூ எடுத்தவர்களுக்கு நான் நிலம் கொடுத்தவர் மகள் என்று தெரிந்தே இருந்தது. அது எனக்கு உதவியதா இல்லையா? யாரிடம் போய்க் கேட்பது?

29 ஆகஸ்ட், வியாழன்

ஜேசிபி வந்துவிட்டது.

காலை வகுப்பில் இருந்தபோது போன். ஓடினேன். பாதையின் குறுக்கே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காத்தாயிக்குப் பக்கத்தில். அன்றைக்கு அவளை அடிக்கப் போகாத குறையாகக் கத்தியவர்! ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். பதிவாளரும் காவலர்களும் ஒரு பக்கம். நான் எங்கே நிற்பது? இரண்டுக்கும் நடுவில் செம்மண்ணில் நின்றேன், கையில் சாக்பீஸோடு.

"அப்பா, எந்திரிங்கப்பா. போலீசக் கூப்பிடப் போறாங்க."

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஊரே கேட்கும்படி சொன்னார்: "நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்க மேடம்? அதச் சொல்லுங்க மொதல்ல."

மேடம். பெத்த அப்பன் என்னைய மேடம்னு கூப்பிடுறாரு. யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடத் தேவல.

மத்தியானம் வண்டி திரும்பிப் போனது. மற்ற மூன்று பக்கமும் முதலில் கட்டட்டும், இங்கே பிறகு பார்ப்போம் என்றார்கள். அதற்கு நான் எந்த விதத்திலும் காரணம் இல்லை.

30 ஆகஸ்ட்

இரண்டு வகுப்புகள் எடுத்தேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

12 செப்டம்பர், வியாழன்

ஹாஸ்டல் பிள்ளைகளிடம் போய்க் கேட்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டாமா? இரண்டாம் ஆண்டு சரண்யா, மணமேல்குடிப் பெண், எழுந்து நேராகச் சொன்னாள்.

"அந்தப் பக்கம் ராத்திரில இருட்டுக் கசம் மேடம். பயமே அதுதான். லைட்டுப் போட்டு, ஒரு கேட்டும் வச்சு, ஒரு வாட்ச்மேன் அக்காவ நிப்பாட்டுங்க. ஊர்க்காரங்க வந்து போறது எங்களுக்கு நல்லதுதான். அன்னிக்கு அந்தப் பைக்குக்காரனுங்கள வெரட்டுனதே காத்தாயி அக்கா ஆளுங்கதான்."

இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினேன்: பாதை இருக்கட்டும், கேட், விளக்குகள், பகலில் திறந்திருக்க வேண்டும், காவலுக்கு மேலக்காட்டிலிருந்தே இரண்டு பெண்கள். என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். பதிவாளர் படித்துவிட்டு, "பாக்கலாம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

21 அக்டோபர், திங்கள்

பார்த்துவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் பொறுப்பிலிருந்து விடுவிப்பு. 'நிர்வாக நலன் கருதி' ஆவுடையார்கோவில் விரிவாக்க மையத்துக்கு மாற்றம். பிளெஸ்ஸி பிளஸ் டூ எழுதி முடிக்கும்வரை குவார்ட்டர்ஸில் இருக்கலாமாம். பெரிய மனசு.

என் வீட்டுக்காரர் ஜெரால்டு மஸ்கட்டிலிருந்து போனில், "விடு, வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்ல இரு" என்றார். அவருக்கு நல்ல எண்ணம்தான். எனக்கு எரிச்சல் வந்து போனை வைத்துவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. ஆகஸ்டிலிருந்து பேச்சே இல்லை.

27 நவம்பர், புதன்

புதுக்கோட்டையில் ஒரு பஸ், அறந்தாங்கியில் ஒரு பஸ். அடைமழை. ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை, பாதி நனைந்தே போய்ச் சேர்ந்தேன். மையம் என்பது ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் ஒழுகுகிறது. ஒழுகாத அறையில் எல்லோரையும் உட்காரவைத்து மதியம்வரை பாடம் எடுத்தேன். குறுக்கே ஒரு மீட்டிங் இல்லை, ஒரு போன் இல்லை.

இடுப்பு விட்டுப்போகிறது. ஆனால் பாடம் நன்றாக இருந்தது.

12 டிசம்பர், வியாழன்

பஸ்ஸில் வரும்போது அப்பா போன் செய்தார். மூன்றரை மாதத்துக்குப் பிறகு. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "ஆத்தா, சங்கதி தெரியுமா?" என்று ஆரம்பித்தவருக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை.

குழு நேற்று வந்திருக்கிறது. மற்ற பக்கமெல்லாம் சுவர் எழும்பிவிட்டது, மேலக்காட்டுப் பாதையில் மட்டும் இடைவெளி. அதை மறைக்கப் பெரிய ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அருவி, பூ, மயில் எல்லாம் அச்சடித்தது. குழு அங்கிட்டு வந்து நின்று மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அருவி ஆடியிருக்கிறது. ஃபிளெக்ஸை அடியிலிருந்து தூக்கிக்கொண்டு ஒரு கை, ஒரு தலை. காத்தாயி வெளியே வந்தாள். பின்னாலேயே வேலைக்கு வரும் மற்ற பெண்கள், வரிசையாக, தூக்குவாளியோடு.

குழுவிலிருந்த ஒரு அம்மா ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, கூட நின்ற சரண்யா தமிழில் சொன்னாளாம்: "அக்கா, இதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு கேக்குறாங்க."

"எங்க ஊரு இருக்கு. இப்ப அந்த அம்மா நிக்கிற எடமும் எங்க ஊருதான்னு சொல்லு."

சரண்யா ஒரு வார்த்தை விடாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். பதிவாளர் முகத்தை அப்பா நடித்துக் காட்டினார், போனில்! அந்த அம்மா ஃபிளெக்ஸை விலக்கிக்கொண்டு உள்ளே போய், ஊரைப் பார்த்துவிட்டு, நம் வீட்டில் காப்பியும் குடித்திருக்கிறார்.

எல்லாம் சொல்லி முடித்தார். பிறகு, "அம்புட்டுத் தூரம் தெனம் போயிட்டு வாரியாமே. கால் வலிக்கிதாத்தா?" என்றார்.

"வலிக்கிதுப்பா" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. பஸ்ஸில் எல்லோரும் பார்க்கிறார்களே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

5 மார்ச் 2025

கேட் வைத்துவிட்டார்கள். நாலு விளக்கு. காவலுக்கு மேலக்காட்டுப் பெண்கள் இரண்டு பேர். ஒப்பந்தம்தான். காத்தாயி இன்னும் பெருக்குகிறாள். குழுவின் அறிக்கையில் 'சுற்றுவட்டார மக்களோடு நல்லுறவு' என்று பாராட்டியிருக்கிறார்களாம். பல்கலைக்கழக விழா மலரில் வரலாறும் வந்துவிட்டது, என் பெயர் இல்லாமல். தரிசு நிலம் தரிசு நிலமாகவே இருக்கிறது. என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

3 ஜூலை, வியாழன்

ஆவுடையார்கோவில் மையம் இனி உறுப்புக் கல்லூரி ஆகிறது. போன மாதம் சேர்க்கைக்கு வந்த கூட்டத்தை அந்த இரண்டு அறை தாங்கவில்லை. இடம் தேடுகிறார்கள். நில உடைமையாளர்களிடம் பேச வேண்டிய பொறுப்பு 'அனுபவம் உள்ளவர்' என்று எனக்கு வந்திருக்கிறது. சிரிக்கத்தான் வேண்டும்.

இன்றைக்கு மூக்கன் என்பவர் வீட்டுக்குப் போனேன். ரோட்டோரம் அவருக்கு மூன்று ஏக்கர் வானம் பார்த்த பூமி. பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் மனைவி அழகி நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டார்: "எடத்தக் குடுக்கலாங்களா மேடம்? புள்ளைகளுக்கு வேல போட்டுத் தர்றதாச் சொல்றாங்களே, நம்பலாங்களா?"

'தாராளமாக நம்பலாம்' என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

"குடுங்க" என்றேன். "காலேஜு வரட்டும். ஒங்க ஊருப் புள்ளைக நடந்தே வந்து படிக்கும், அது நெசம். ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, ஊருக்குப் போற பாதைய எழுதி வாங்கிக்கங்க. வேலன்னு சொன்னா, என்ன வேலன்னு எழுதச் சொல்லுங்க. வாய் வார்த்தைய மட்டும் வாங்கிக்கிறாதீங்க. நான் சொன்னாலுஞ் சரி."

மூக்கன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யுனிவர்சிட்டி ஆளுதானே?"

"ஆமாங்க."

புருஷனும் பொண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழகி உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்தார்.

நான் சொன்னது நாளைக்கே பதிவாளர் காதுக்குப் போய்விடும். போகட்டும். இதற்கு மேலும் தள்ளி மாற்றுவதென்றால், இங்கிருந்து அப்புறம் கடல்தான்.