டிரையருக்கு முறை வரவில்லை

12 ஜூன் 2000, திங்கள். குன்னூர்

இன்றும் அண்ணனோடு சண்டை. இந்த முறை அவன் வீசிய கண்ணாடி டம்ளர் சுவரில் போய் உடைந்தது. என் தலைக்குக் கொஞ்சம் தள்ளி.

நஞ்சப்பன் சாரின் டீ ஃபேக்டரிக்காக நாங்கள் இருவரும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் மொழி எழுதுகிறோம். தராசு, இலை வாட்டும் காற்றாடிகள், தூளைச் சூட்டில் உலர்த்தும் டிரையர் என்று ஒவ்வொன்றையும் கவனிக்க ஒரு இழை, அதாவது புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை. அத்தனைக்கும் நிஜ இழைகள் போட்டால் அந்தப் பழைய கம்ப்யூட்டர் திணறிவிடும். அதனால் மொழிக்குள்ளேயே இலேசான இழைகள். ஒன்று விலகினால்தான் அடுத்ததற்கு முறை. அது என் வேலை. கருவிகளிலிருந்து வரும் கம்பிகளில் எதில் செய்தி வந்திருக்கிறது என்று சுற்றிச் சுற்றிக் கேட்கும் பகுதி தீபக் அண்ணனுடையது.

அவன் சுற்றில் செய்தி வந்த கம்பிக்கே முதலிடம். எல்லாக் கம்பியும் ஓய்ந்தால்தான், நேரம் பார்த்து விழிக்கும் இழைகளை எழுப்புகிறான். டிரையரின் சூட்டைப் பார்ப்பது அப்படி விழிக்கும் இழைதான்.

"ஒரு கம்பி ஓயாம கத்திட்டே இருந்தா டிரையர் கதி என்னண்ணா?"

"எந்தக் கம்பி ஓயாம கத்தும்? இலை என்ன வானத்துல இருந்தா கொட்டுது? எடை உடனே தெரியோணும். மொதலாளி கேக்கறது அதான்."

பிறகுதான் டம்ளர்.

20 ஜூன், செவ்வாய்

ஃபேக்டரியில் எல்லாம் மாட்டியாகிவிட்டது. அண்ணனின் சுற்று அப்படியேதான் இருக்கிறது. நான் விட்டுக்கொடுத்தேனா, பயந்தேனா?

டிரையர் பார்க்கும் மோசஸ் அண்ணன் மணியைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "இனி நான் கதவத் தொறந்து தொறந்து மோந்து பாக்க வேண்டாம் பாப்பா. சூடு ஏறுனா இவன் கத்துவான்."

இலை விலை இன்னும் இறங்கிவிட்டது. ஜெகதளாவில் இலை விற்கும் சிறு தோட்டக்காரர்கள் லாரியை மறித்து டிரைவரை அடித்திருக்கிறார்கள். பல் போய்விட்டதாம். கம்ப்யூட்டர் எடையைத் திருடுகிறது என்று தோட்டக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். திருடவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

29 ஜூன், வியாழன்

அரவேணு பஸ்ஸின் கண்ணாடி முழுதும் நொறுங்கியிருந்தது. மழை உள்ளே அடித்தது.

6 ஜூலை, வியாழன்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் ஃபேக்டரி கேட்டைத் தள்ளிக்கொண்டு கூட்டம் வந்தது. கல். தகரக் கூரையில் கல் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. வாட்ச்மேனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். எடை மேடையில் ஏறிய ஓர் ஆள், செடி வெட்டும் கவாத்துக் கத்தியால் தராசின் கம்பியை ஒரே வெட்டில் அறுத்தார். "இனி எப்படித் திருடுவீங்க, சொல்லுங்கடா!" சுற்றி நின்றவர்கள் "தங்கவேலு, போடு!" என்று கத்தினார்கள்.

கூட்டம் டிரையர் பக்கம் போகவே இல்லை. அதை நான் பார்த்தேன். அங்கே மோசஸ் அண்ணன் மட்டும். அடுப்பை அணைக்க ஆளில்லை, விறகுக்காரன் ஓடிவிட்டான். தூள் கருகுகிற வாசனை எனக்கே வந்தது. மணி அடிக்கவில்லை. மணி அடிக்காததால் பயமில்லை என்றுதானே அவர் கதவைத் திறந்தார்?

நெருப்பு உள்ளேயிருந்து பாய்ந்தது. முகத்தில். அவர் கத்தவில்லை. கையை நீட்டிக்கிட்டு என்ன நோக்கி நடந்து வந்தாரு. சட்டை எரியுது. நான் சாக்கப் போட்டு அமுக்குனேன், சாக்கோட தோலும் வந்துருச்சு.

ஏன் அடிக்கல? ஏன் மணி அடிக்கல?

8 ஜூலை, சனி

மோசஸ் அண்ணன் போய்விட்டார்.

11 ஜூலை, செவ்வாய்

தங்கவேலு மேல் கொலை வழக்கு. டிரையர் மணியின் கம்பியைத்தான் அறுத்தார் என்று நஞ்சப்பன் சார் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஸ்டேஷனில் அடித்த அடியில் அந்த ஆளால் நிற்க முடியவில்லையாம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கம்பியை மாட்டி, பிடுங்கிப் பார்த்தேன். அறுந்த கம்பி அமைதியாகிவிடும் என்று அண்ணன் நினைத்திருந்தான். ஆகவில்லை. கேட்கும்போதெல்லாம் "செய்தி இருக்கிறது" என்கிறது. போய்ப் படித்தால் ஒன்றுமில்லை. மறுபடி கேட்டால் மறுபடி "இருக்கிறது". சுற்று அதிலேயே சுழன்றது. டிரையரின் இழை கடைசிவரை விழிக்கவே இல்லை.

அண்ணனிடம் காட்டினேன். "இத வெளிய சொன்னீன்னா கொன்னு போட்டுருவேன், புள்ள." சத்தமில்லாமல் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது.

14 ஜூலை, வெள்ளி

இடத்தைப் பார்க்க இன்ஸ்பெக்டர் ஃபேக்டரிக்கு வந்தார். நஞ்சப்பன் சார், அண்ணன், நான். வெட்டுப்பட்ட தராசுக் கம்பியை முறுக்கிச் சேர்த்தேன். சூடு பார்க்கும் முனையை ஸ்டவ் நெருப்பில் காட்டினேன். மணி அடித்தது. தராசுக் கம்பியைப் பிடுங்கினேன். மறுபடி நெருப்பில் காட்டினேன்.

அடிக்கவில்லை.

"இன்னொருக்கா செய்ம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். செய்தேன்.

"அவர் அறுத்தது எடைக் கம்பிங்க சார். அது டிரையரை நிறுத்தும்னு அவருக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருக்க வேண்டியது எங்களுக்குத்தான்."

"அம்மணி, உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?" நஞ்சப்பன் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஜீப் போனதும் அண்ணன் என் முடியைப் பிடித்துத் தூணில் மோதினான். எத்தனை தடவையென்று தெரியாது. வாயெல்லாம் ரத்தம். நான் அவன் கையைக் கடித்தேன், எலும்பு தட்டும்வரை. வலிக்கட்டும் என்றுதான் கடித்தேன். இழைகளை விலக்கிவிட்ட இலை பறிக்கிற பெண்கள்தான் எங்களையும் விலக்கினார்கள்— என்ன எழுதுகிறேன்? பெண்கள் ஓடி வந்து விலக்கினார்கள். அவ்வளவுதான். தலை சுற்றுகிறது.

17 ஜூலை, திங்கள்

அண்ணன் இரும்புக் குழாயால் வீட்டுக் கம்ப்யூட்டரை உடைத்துவிட்டான். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். யாருக்காக என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு கூடலூர் பஸ் ஏறினேன்.

9 ஆகஸ்ட், புதன். கூடலூர்

மிளகு வியாபாரி ஒருவரின் ஆபீசில் வேலை. அவர் மகனின் கம்ப்யூட்டரில் சுற்றைப் புதிதாக எழுதினேன். ஒவ்வொரு சுற்றிலும் நேரம் வந்த இழைகளை எழுப்பிவிட்டுத்தான் கம்பிகளைக் கேட்கும். செத்த கம்பியைப் பட்டியலிலிருந்து நீக்கி, உடனே மணி அடிக்கும். ஓடுகிறது. சந்தோஷம் வரவில்லை.

ஃபேக்டரிக்கு அனுப்பிவைத்தேன். அண்ணனே மாட்டினானாம். அம்மா ஃபோனில் சொன்னாள்.

19 செப்டம்பர், செவ்வாய்

கொலை வழக்கை மாற்றிவிட்டார்கள். சொத்தைச் சேதப்படுத்தியது மட்டும். தங்கவேலு வெளியே வந்துவிட்டார் என்று தெரிந்ததும் அரவேணுவுக்குப் போனேன். டீக்கடைப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, நான் யார், எங்கள் புரோகிராமில் என்ன நடந்தது, மோசஸ் அண்ணன் எதனால் செத்தார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் என்று நினைத்தேன். சொல்லி முடித்து அவர் கையைத் தொட்டேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எப்ப வந்தீங்க அம்மணி? ஸ்டேஷன்ல அடிச்சதுல அந்தக் காது போயிருச்சுங்க. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

எழுந்து, சுற்றிப் போய், அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.