ஷெட்டில் பெய்யாத மழை

அன்புக்கும் கொஞ்சம் கோபத்துக்கும் உரிய என் அம்மாவுக்கு,

மாசியில் நீ கண்ணை மூடினாய். இது ஐப்பசி. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள், யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்றார்கள். உனக்கு எழுதினால் ஊரே படிக்குமே என்று முதலில் கூச்சமாக இருந்தது. படிக்கட்டும் என்று இப்போது தோன்றுகிறது. இங்கே நடந்ததற்கு நீதான் காரணம். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஷெட் அப்படியேதான் இருக்கிறது. பல்லடத்தில் கறிக்கோழி வளர்க்கும் எல்லா வீட்டையும் போல, வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரம். அதில் நீ மாட்டிய சின்னப் பெட்டியும் இருக்கிறது. குஞ்சு கத்துவதை வைத்தே அதற்குக் குளிருகிறதா பசிக்கிறதா என்று அப்பா சொல்லிவிடுவார் என்பதால் அதில் ஒரு மைக் வைத்தாய். கூடவே ஒரு வெப்பமானி, உன் பெயரில் வாங்கிய ஒரு சிம். பெட்டி அந்தச் சத்தத்தையும் சூட்டையும் துண்டு துண்டாகப் பூட்டி அனுப்பும். வீட்டில் உன் மடிக்கணினி ஒவ்வொரு துண்டையும் சாவி போட்டுத் திறக்கும். நம் பெட்டி பூட்டியதுதான், நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்றால் திரையில் பச்சை விளக்கு எரியும். நீ கம்பெனி வேலை முடித்த பிறகு சும்மா எழுதிய புரோகிராம் அது. அப்பா அதைத்தான் நம்பினார்.

கடைசி பேட்ச் கோழியை லாரியில் ஏற்றிவிட்ட அன்றே அப்பா ஷெட்டின் பியூஸைப் பிடுங்கிவிட்டார். அதன்பின் புதுக் குஞ்சு வாங்கி இறக்கவில்லை. உன் மடிக்கணினியை யாரும் தொடவில்லை.

காலாண்டு விடுமுறையில் ஒரு கட்டுரை தட்டச்சு செய்ய அதைத் திறந்தேன். உன் புரோகிராம் தானாக எழுந்தது. முதலில் விசிறிச் சத்தம். பிறகு குஞ்சுகள், ஆயிரக்கணக்கில். சூடு முப்பத்திரண்டு டிகிரி. பச்சை விளக்கு.

நான் ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தேன். படுதா கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வெயில் விழுந்த வெறும் தரை.

மூடிவிட வேண்டும் என்று தோன்றியது, மூடவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. அப்பா டீ டம்ளரோடு வந்து பின்னால் நின்றார். இரண்டு பேரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். நாலு மணி பத்து நிமிடத்துக்கு நீ பேசினாய்.

"ஏனுங்க, கேக்குதுங்களா?"

அப்பாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. "கேக்குது," என்றார்.

ஒரு மூச்சு விடும் நேரம் குஞ்சுகள் மட்டும் கத்தின.

"அப்பச் செரிங்க," என்றாய் நீ.

அம்மா, பட்டப்பகல் அது. பக்கத்து வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பல்லடம் பஸ் ஹாரன் அடித்துப் போனது. அந்த வெளிச்சத்தில் என் கைமுடி எழுந்து நின்றது.

அடுத்த நாளும் நாலு பத்துக்குக் கேட்டாய். அப்பா பதில் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாற்போல இருந்துவிட்டு, நீ செரி என்றாய். அதற்கடுத்த நாள் அப்பா முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாலு மணிக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏழு மாதமாக அரைத்தட்டுச் சோறு தின்றவர் மறுசோறு கேட்டார். நான் இதை எப்படிக் கெடுப்பேன்?

ஈரோட்டு அத்தைக்கு மட்டும் போனில் சொன்னேன். அவர், பூசாரியைக் கூப்பிடுவதா கம்ப்யூட்டர்காரனைக் கூப்பிடுவதா என்றே தெரியவில்லையே அம்மணி என்றார். அப்பா போனை வாங்கி, ஒருத்தரும் வர வேண்டாம், எல்லாம் நல்லாத்தான் இருக்குது என்று வைத்துவிட்டார்.

நான் உன் மகள் இல்லையா, சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பெட்டியில் விளக்கு இல்லை. மைக்கின் வாயில் சிலந்தி வலை. அப்பாவை மடிக்கணினி முன்னால் உட்காரச் சொல்லிப் போனில் வைத்துக்கொண்டு, மைக்கின் கீழே நின்று பலமாகக் கை தட்டினேன். காலி ஷெட்டில் அது மூன்று முறை திரும்பி வந்தது.

"கை தட்டற சத்தம் வல்ல கண்ணு," என்றார் அப்பா. "குஞ்சுகதான் கத்துது."

என் காலடியில் பழைய உமி. சுற்றிலும் ஒரு குஞ்சு இல்லை. ஆனால் போனில், அப்பாவின் குரலுக்குப் பின்னால், அவை கத்துவது எனக்கே கேட்டது. நான் நின்ற இடத்தில்தான் அவை கத்திக்கொண்டிருக்க வேண்டும். நடக்கக் கால் எடுத்தபோது எதையாவது மிதித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. காலைத் தரையோடு உரசி உரசித்தான் வெளியே வந்தேன்.

உன் குரல் வந்த தைரியத்தில் அப்பா மறுபடி குஞ்சு இறக்கச் சம்மதித்தார். புதுப் படுதா கட்டினார், உமி பரப்பினார், பியூஸைத் திரும்ப மாட்டினார். பெட்டியின் விளக்கு எரிந்தது. பிறந்து ஒரு நாளே ஆன குஞ்சுகள் வந்து இறங்கின. வீட்டுத் திரையிலும் குஞ்சுகள், சூடு, பச்சை விளக்கு. எல்லாம் ஒட்டுக்காச் சேர்ந்து வந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். முதல் வாரம் கணகணப்பு வேண்டும் என்று பல்பு வரிசை போட்டோம்.

மூன்றாம் நாள் மழைக்காகப் பள்ளியை மத்தியானமே விட்டுவிட்டார்கள். நனைந்து வந்தேன். அப்பா நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். திரையில் முப்பத்திரண்டு டிகிரி. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். விசிறி. குஞ்சுகள். தூரத்தில் ஒரு காகம். ஏதோ சரியில்லை என்று முதுகுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

நம் வீட்டு ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குத் தகரக் கூரை. தகரத்தில் அந்த மழை எப்படி இடிக்கும்? ஸ்பீக்கரில் ஒரு சொட்டு இல்லை. அங்கே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஓடினேன். பல்பு வரிசை முழுக்க அணைந்திருந்தது. மழையில் அந்த லைன் மட்டும் டிரிப் ஆகியிருக்கிறது. குஞ்சுகள் மேற்கு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, என் முழங்காலுயரத்துக்கு மஞ்சளாக ஒரு மேடு. பெரிதாகக் கத்தக்கூட இல்லை. அப்பா எப்போது வந்தார் என்று தெரியாது. இரண்டு பேரும் மண்டியிட்டுக் கைகளால் அள்ளி அள்ளிப் பரப்பினோம். மேலே இருந்தவை நடுங்கிக்கொண்டு ஓடின. அடியில் இருந்தவை ஓடவில்லை. அப்பா ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்துப் பார்த்துவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்தார். பல்பு மறுபடி எரிந்து, மீதிக் குஞ்சுகள் பரவி நின்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்தபோதுதான் எழுந்தார். அந்தப் பக்கம் வைத்தவற்றைப் பார்க்காமல் வெளியே போனார்.

அந்தச் சனிக்கிழமை உன் புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்தேன். பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடத்தை வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்க ஆனது. திறக்கும் பகுதிக்கு மேலே குறிப்பு எழுதி வைத்திருக்கிறாய்: "யார் தருகிறார்கள் என்று இது கேட்கக் கூடாது. அடுத்த துண்டைக் கொடு என்று மட்டும் கேட்க வேண்டும்."

சொட்டுநீர்க் குழாய் மாதிரி, இல்லையா? போர்வெல் தண்ணீரா, வாய்க்கால் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்று குழாய்க்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதனால்தான் ஒருமுறை சிம் கம்பெனியை மாற்றியபோது திறக்கும் பகுதியில் நீ ஓர் எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. படிக்கப் படிக்க உன் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த பக்கம் போகும்வரை.

அடுத்த பக்கத்தில் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வரலாம் என்ற வரிசை. முதலில் ஷெட்டுப் பெட்டி. அது பேசாவிட்டால், மடிக்கணினியில் செருகியிருந்த மெமரி கார்டு. கார்டில் ஒரு முழு நாள் இருந்தது. அன்று பெட்டி பூட்டி அனுப்பியதை, பூட்டைத் திறக்காமலே அப்படியே சேமித்திருக்கிறாய். காலைக்குக் காலை, மாலைக்கு மாலை, கடிகாரம் பார்த்து அந்தந்த நேரத்துத் துண்டு வரும். பூட்டு நம்முடையது, சாவி பொருந்தும், பச்சை எரியும். பூட்டியது யார் என்றுதான் அந்தப் பச்சைக்குத் தெரியும். எப்போது பூட்டியது என்று தெரியாது.

ரீசார்ஜ் செய்யாத உன் சிம்மைக் கம்பெனிக்காரர்கள் எப்போதோ துண்டித்துவிட்டார்கள். பியூஸ் மாட்டியும் பெட்டியால் பேச முடியவில்லை. கார்டுதான் பேசிக்கொண்டே இருந்தது. நாலு பத்துக்கு நீ கேட்டது, நீ ஷெட்டில் நின்று மைக்கைச் சோதித்த நாளின் குரல். அன்றைக்கு அப்பா வீட்டிலிருந்து உனக்குப் போனில் பதில் சொல்லியிருக்கிறார். அவர் பேசிய நேரம் மட்டும் கார்டில் பேச்சில்லாமல் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தில்தான் அவர் தினமும் பேசினார்.

கார்டைச் சேர்த்த வரிக்குப் பக்கத்தில், நீ மருத்துவமனைக்குப் போகத் தொடங்கிய மாதத்தில் எழுதிய குறிப்பு: "சிக்னல் போனால் இவர் பயந்துக்குவார். திரும்ப வரும்வரை இது ஓடட்டும்."

இதற்குத்தான் கோபம், அம்மா. திரை காலியானால் அப்பா சோற்றை விட்டுவிட்டு ஓடுவார் என்று உனக்குத் தெரியும். அவர் ஓட வேண்டாம் என்று நினைத்தாய். அவர் ஓடவில்லை. இரண்டு நிமிடத்துக்கு என்று நீ வைத்தது எத்தனை நாள் ஓடியது, பார்த்தாயா?

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த துண்டை மடித்துக்கொண்டே கேட்டார். கார்டை வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் இன்னொரு நாள் இன்னொரு மேடு குவியும் என்றேன். தலையை ஆட்டினார். அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு நாலு பத்துக்கு அவ கேப்பா. நான் பதில் சொல்லலீன்னா?"

"நீங்க அன்னைக்கே சொல்லிப்போட்டீங்கப்பா," என்றேன். "அம்மா கேட்டுப்போட்டுத்தான் செரின்னாங்க."

அவர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். துண்டை எடுத்ததும், "குஞ்சு பாவம் கண்ணு. எடுத்துரு," என்றார்.

எடுப்பதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருவரும் உட்கார்ந்து கேட்டோம். ஷெட்டை மணிக்கொரு தரம் நேரில் போய்ப் பார்த்துக்கொண்டோம். உன் செருப்புச் சத்தம் இரண்டு முறை வந்தது. நீ யாரிடமோ சிரித்தாய். ஐந்து மணி வாக்கில் தூரத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்து, "அம்மா, பசிக்குது," என்றாள். "கையக் கழுவு மொதல்ல," என்றாய்.

அது நான்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். எங்களில் யார் இங்கே இருப்பது என்று தேடுகிறவர் மாதிரி. அவளுக்கு எந்தக் கவலையும் இல்லை. அவளுக்கும் பச்சை விளக்குத்தான் எரிந்தது. அவளும் இப்போது எங்கேயும் இல்லை, அம்மா. உன்னோடுதான் இருக்கிறாளா?

இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அந்த வரியை எடுத்துவிட்டேன். கார்டை அழிக்கவில்லை, பீரோவில் இருக்கிறது. புது சிம் அப்பா பெயரில். பெட்டியிடம், ஒவ்வொரு துண்டோடும் அதைப் பூட்டிய நேரத்தையும் சேர்த்துப் பூட்டச் சொல்லியிருக்கிறேன். பழைய துண்டு வந்தால் பச்சை எரியாது. எங்கிருந்தும் எதுவும் வராவிட்டால், திரை கறுப்பாக இருக்கும். அவ்வளவுதான்.

நேற்று மதியம் அது கறுப்பானது. சத்தம் நின்றது. வீடு முழுக்க எதுவுமே இல்லை என்பது கேட்டது. அப்பா கதவை நோக்கி எழுந்தார். நான் போறேனுங்கப்பா என்று சொல்லி முந்திக்கொண்டு ஓடினேன். சிக்னல்தான் போயிருந்தது. குஞ்சுகள் உமியைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒன்று என் கால் விரலை வந்து கொத்தியது. அது சின்னதாக வலித்தது.

உன் புரோகிராமை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவையும். திரை கறுக்கும்போதெல்லாம் மழையானாலும் வெயிலானாலும் நானே போய்ப் பார்ப்பேன். அங்கே என்ன இருக்கிறதோ, இல்லையோ, அதை அப்படியே வந்து அப்பாவிடம் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் குரலைக் கேட்டு வளர்ந்த, இனி கேட்காமல் வளரப்போகிற
உன் மகள்,
யாழினி