இரண்டு சீட்டிலும் ஒரே ஊர்

ஏட்டி ஞானரத்தினம்,

உன் அப்பா ராஜபாளையம் மில்லுக்குக் கிளம்பிவிட்டார். குழம்பு அடுப்பில் இருக்கிறது. உப்புப் போட்டது அவர், பார்த்துச் சாப்பிடு.

பாளையங்கோட்டையா மெட்ராஸா என்று நேற்று ஜெபம் பண்ணி நீ எடுத்த திருவுளச்சீட்டில் பாளையங்கோட்டை வந்தது. "ரெண்டு வருஷம் அங்க இன்டர்மீடியட், பொறவு மெட்ராஸ்ல பி.ஏ. கர்த்தர் சித்தம்னா சரிப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அந்த மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. நீ எடுக்காத சீட்டிலும் பாளையங்கோட்டை என்றுதான் எழுதியிருந்தார். பாவம், கர்த்தருக்கு அவர் வேறு வழியே வைக்கவில்லை. உன்னை எடுத்த எடுப்பில் அம்புட்டுத் தூரம் அனுப்பப் பயம்.

எந்தக் காலேஜ் என்று கேட்க மத்தியானம் குருவானவர் வீட்டம்மா வருவார்கள். உன் இஷ்டத்தைச் சொல்.

பி.கு: மெட்ராஸ் என்றாலும் அப்பா வருத்தப்படமாட்டார்.

இன்னொன்று: மேலே எழுதியது பொய். வருத்தப்படுவார். ஆனால் வில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்தான் வருவார்.

இப்படிக்கு, அந்த அப்பாதான்.