உறவுமுறை என்று கேட்ட இடத்தில்

இன்று காலை லஸ் பக்கத்து மாவு மில்லில் தூக்குப் பாத்திரத்தோடு நின்றேன். மூடியைத் திறந்து பார்த்த மில்காரர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா, இந்தவாட்டியும் மொளகாயோட சோம்ப வறுத்து எடுத்துக்கினு வந்துட்டியா? மெஷின்ல வாசம் அப்டியே நிக்கும். பின்னால ரசப்பொடி கீது, அவங்க என்னத்தான் திட்டுவாங்க. கடைசில வா."

கடைசியில் நின்றேன். அந்த மில்லில் நமக்கு எப்போதும் கடைசி இடம்தான். நீ வந்த முதல் மாதத்திலேயே உன் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் அங்கே சண்டை மூட்டியது. பெருஞ்சீரகம் போடாவிட்டால் அது தூளே இல்லை என்று நீ வாதாடினாய். மெஷின் ஓடத் தொடங்கியதும் எழுந்த அந்த வாசனையில் இன்று எனக்கு ஒரு கேள்விதான் தோன்றியது. நேற்று வந்த தபாலை நான் படித்தபோது என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். நீ இறந்ததைப் பற்றி நான் கேட்டதற்கு வந்த பதில் அது. ஏன் சிரித்தேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ ஆசிரியர் பயிற்சிக்காக இந்த ஊருக்கு வந்தாய். ஒரு வருஷப் படிப்பு. தங்க இடம் தேடி, மயிலாப்பூரில் நான் தனியாகக் குடியிருந்த மாடிப் பகுதிக்கு ஒரு பெட்டியோடு ஏறி வந்தாய். பிறகு கணிதத்தில் மேல்படிப்பு, இன்னும் இரண்டு வருஷம். இதற்குள் நீ வாடகைக்கு வந்தவள் என்பது இருவருக்கும் மறந்துபோயிற்று. ஒரு கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் விரும்புவதுபோல நாம் விரும்பினோம். இதை இவ்வளவு நேராக எங்கும் எழுதியதில்லை. எழுதிப் பார்த்தால் எளிய வாக்கியமாகத்தான் இருக்கிறது.

வருஷத்துக்கு ஒருமுறை நீ இங்கே தங்க அனுமதி கேட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். யார் வீட்டில் தங்கியிருக்கிறீர், அவர் உமக்கு என்ன உறவுமுறை என்று அதில் ஒரு கட்டம். நீ ஒவ்வொரு முறையும் 'சிநேகிதி' என்று எழுதினாய். எழுதுவதற்கு முன் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி அச்சகக் குறி வரை படிப்பாய். கணக்கு வாத்தியார் புத்தி. "ஒரு படிவத்தில ஒரு கேள்வி இருக்கெண்டால், முந்தி ஆரோ அதில ஏமாத்தியிருக்கினம்" என்பாய். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு திருடனைக் கற்பனை செய்து எனக்குக் கதை சொல்வாய்.

நான்காவது வருஷம் படிப்பு முடிந்துவிட்டது. தங்குவதற்குக் காரணம் வேண்டும். நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் படிவங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவள். வாரிசு என்ற இடத்தில் 'நண்பர்' என்று எழுதி வந்தால், ரத்த உறவு யாரும் இல்லையா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது என் வேலை. அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். அந்த வருஷப் படிவத்தை நானே நிரப்பினேன். உறவுமுறை: ஒன்றுவிட்ட சகோதரி. நீ படிக்காமல் கையெழுத்துப் போட்டாய். உன் வாழ்க்கையில் நீ படிக்காமல் கையெழுத்திட்ட ஒரே படிவம் அதுவாகத்தான் இருக்கும். நான் நிரப்பியது என்பதால்.

இருவரும் நேரில் வர வேண்டும் என்று அனுமதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட அந்தக் குமாஸ்தா இரண்டு படிவங்களை அருகருகே வைத்தார்.

"போன வருஷம் சிநேகிதி. இந்த வருஷம் சித்தி பொண்ணு. ஒரே வருஷத்துல உங்க சித்திக்கு முப்பத்தோரு வயசுப் பொண்ணு ஒண்ணு பொறந்துடுச்சாம்மா?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நீதான் முன்னால் குனிந்தாய்.

"நாங்கள் ஒரே வீடு, ஐயா."

"அது விலாசம்மா. நான் கேக்கறது உறவு."

அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, "சிநேகிதின்னே எழுதியிருந்தா ஆறு மாசமாவது நீட்டிப்பு கேட்டுப் பாத்திருக்கலாம். இப்போ பொய்னு மேல எழுதியாச்சு. பதினஞ்சு நாள்தான்" என்றார். பிறகு உன்னைப் பார்த்து, "இந்த ஊர்க்காரர் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா கதையே வேற. புருஷன் வீட்ல இருக்கறவளை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார்.

பஸ் நிறுத்தம் வரை நீ எனக்கு முன்னால் வேகமாக நடந்தாய். அங்கே வந்ததும் வெடித்தாய். "உமக்கென்ன விசரே? என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே? சிநேகிதி எண்டு எழுத உமக்கு என்ன வெக்கம்?" வெட்கம் இல்லை, பயம் என்றேன். நீ பஸ் வருகிற பக்கம் திரும்பினாய். திடீரென்று, "இனி அந்தப் படிவத்தில ஒரு கேள்வி கூடும். எங்களால" என்றாய். உன் உதடு ஓரம் துடித்தது. அது கோபமா, சிரிப்பா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கீழ்வீட்டு மாமி விஷயம் தெரிந்து உச்சுக்கொட்டினாள். "ரெண்டு பேரும் காலாகாலத்துல கல்யாணம் பண்ணிண்டிருந்தா இந்தப் பாடு உண்டோடி?"

"நாங்கள் காலாகாலத்திலதான் செய்தனாங்கள், மாமி" என்றாய் நீ.

"உங்க ஊர்த் தமிழ் எனக்குப் பாதி புரியறதே இல்லை" என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே போனாள்.

அந்தப் பதினைந்து நாளில் ஒரு பகல் எனக்கு அடிக்கடி நினைவு வருகிறது. உனக்குப் பெட்டி வாங்க தி. நகர் போனோம். வழியில் பதிவாளர் அலுவலகப் பலகையைப் பார்த்து நீ நின்றாய். "உள்ளுக்குப் போய் ஒரு கலியாணப் படிவம் வாங்கிப் பாப்பமே. அப்படி என்னதான் கேக்கினம் எண்டு தெரியோணும்." நான் இழுத்தும் நீ கேட்கவில்லை. வாசலில் இருந்த பியூன் உன்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாணம் உனக்காம்மா? மாப்ள இன்னா பண்றாரு?"

"இன்சூரன்ஸ் கந்தோரில வேலை. ஆள் நல்லவர். சொல்லாமல் கொள்ளாமல் படிவம் நிரப்பிப் போடுவார், அது ஒண்டுதான் குறை."

எனக்கு அங்கேயே அழுகை வந்தது. நீ என்னை மன்னித்தது அந்தப் பியூன் முன்னால்தான்.

பாண்டி பஜார் நடைபாதையில் துணிக்கடை வாசலில் நின்று, வாங்கி வந்த படிவத்தைப் படித்தாய். வயது? சரி. ஏற்கெனவே துணை உண்டா? இல்லை. மணக்கக் கூடாத நெருங்கிய உறவா? "இல்லை. அந்தக் குமாஸ்தாவே சாட்சி." சித்த சுவாதீனம்? "உமக்குத்தான் கொஞ்சம் சந்தேகம்." பிறகு உன் விரல் 'மணமகன்' என்ற சொல்லில் நின்றது. "இது கேள்வி இல்லை, அச்சடிச்சே வச்சிருக்கு. இதில இன்னும் ஆரும் ஏமாத்திப் பாக்கேல்லை போல." ஒரு விடுகதை அகப்பட்ட பிள்ளையைப்போல உன் முகம் மலர்ந்திருந்தது. ஊரை விட்டுப் போகப் போகிறவளுக்கு எப்படி அந்த ஆர்வம் வந்தது? யாரோ முன்பின் தெரியாத ஒரு மனிதன் ஒரே நாளில் உன்னை இந்த ஊரில் நிறுத்தி வைக்க முடியும். நான்கு வருஷம் உன்னோடு உலை வைத்த என்னால் முடியாது. அதை அநியாயம் என்று நான் புலம்பினேன். நீயோ, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

எழும்பூரில் ரயில் ஏறினாய். ராமேஸ்வரத்தில் கப்பல். அனுமதியில் பொய் சொன்னவள் என்று குறித்துவிட்டார்கள். மறுபடி நீ விண்ணப்பித்தபோதெல்லாம் இல்லை என்றே பதில் வந்தது. நான் அங்கே வரக் கேட்டபோது எனக்கும் ஒரு படிவம். யாரைப் பார்க்க, என்ன உறவு? 'சிநேகிதி' என்று எழுதினேன். போதுமான காரணம் இல்லை என்றார்கள். மிஞ்சியது கடிதம்தான். ஏழு வருஷம்.

சென்ற மாதம் உன் தம்பி எழுதினார். காய்ச்சல், நான்கு நாள், முடிந்துவிட்டது. 'ஆஸ்பத்திரிப் படிவத்தில் நெருங்கியவர் பெயர் கேட்ட இடத்தில் அக்கா உங்கள் பெயரை எழுதியிருந்தபடியால் அறிவிக்கிறேன்.' அவ்வளவுதான். நீ வலியில் இருந்தாயா, என்ன பேசினாய் என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு. அந்தப் படிவத்தில் உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதினேன். தபால் பெட்டியில் போட்டபின் வெட்கமாக இருந்தது. ஆனால் நீயாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாய்.

நேற்று பதில் வந்தது. 'அதில் "ஒரே வீடு" என்று அக்கா எழுதியிருந்தா. காய்ச்சல் வேகத்தில் விலாசத்தைத் தவறான கட்டத்தில் எழுதிவிட்டா என்று நினைக்கிறோம்.'

இல்லை தம்பி, உங்கள் அக்கா எந்தக் கட்டத்தையும் தவறாக நிரப்புகிறவள் இல்லை. முதல் வரியிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதியிருப்பாள். அதனால்தான் சிரித்தேன்.

ஆபீஸில் இப்போதெல்லாம் 'நண்பர்' என்று வரும் படிவத்தை உடனே திருப்புவதில்லை. அந்த ஆளை எதிரே உட்காரவைத்து, எத்தனை வருஷமாக என்று கேட்கிறேன். படிவத்தில் இல்லாத கேள்வி அது. பாதிப் பேர் திகைக்கிறார்கள். சிலர் சொல்லத் தொடங்குகிறார்கள். விதியை என்னால் மாற்ற முடியவில்லை. கதையை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மில்லில் என் முறை வந்தது. சிவந்து, சூடாக, கண்ணைக் கரிக்கும் வாசனையோடு பாத்திரம் நிறைந்தது.

"ஒருத்திக்கு இம்மாம் பொடி எதுக்கு? ஊருக்கு அனுப்புறியா?" என்றார் மில்காரர்.

"இல்லப்பா, எங்க வீட்டுக்குத்தான்" என்றேன்.