டப்பாவுக்குள் என் பெயர்

ஞாயிறு, இரவு.

ஜியோகேஷிங் விளையாட்டில் ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் உதவியால் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதி, அங்கேயே வைத்துவிட வேண்டும். மற்றவர்களிடம் மூச்சுவிடக் கூடாது.

செம்பூர் பூங்காவில், பெஞ்சின் அடியில் டப்பாவைத் திரும்ப ஒட்டும்போது ஒரு மாமி பார்த்துவிட்டார்.

“என்னடா வெக்கறே அங்கே?”

“செருப்பு அறுந்துடுச்சு மாமி.”

“பெஞ்சுக்கு அடியிலயா அறுந்துது?”

வேகமாக வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது பூங்காவுக்குள் போலீஸ் ஜீப் நுழைந்தது.

எல்லோரும் புனைபெயர்தான் எழுதுவார்கள். முதல் டப்பா என்ற சந்தோஷத்தில் நான் எழுதியது: அப்துல் ரஹீம், தாராவி.

காலையில் நானே ஸ்டேஷனுக்குப் போகலாம். மாமியிடம் ஏன் பொய் சொன்னாய் என்பார்கள். விளையாட்டின் விதி என்பேன். பெயரைப் படித்த பிறகும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்களா?