எட்டரை மணிக்குப் போன பஸ்

டைம் கீப்பர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுகிறேன். நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீங்கள் நன்றாக இல்லை என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள், அதனால் நலம் விசாரிக்கப் போவதில்லை. போன் செய்தால் "ம்" என்கிறீர்கள், "சரி" என்கிறீர்கள், வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். தபாலில் போட்டால் எனக்குப் பிறகுதான் வந்து சேரும். படம் பிடித்து அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் "ம்"முக்குக் காரணம் தெரியாதா எனக்கு? சேர்ந்து வர வேண்டிய பயணம். கடைசி நேரத்தில் டிப்போவில் உங்கள் லீவை ரத்து செய்தார்கள். தனியாகப் போய்வா என்றீர்கள். விமான நிலையத்தில் வைத்து, "இந்த அஞ்சு நாள் நான் யோசிக்கணும். திரும்பி நம்ம வீட்டுக்கு வருவேனா, அக்கா வீட்டுக்குப் போயிடுவேனான்னு எனக்கே தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கோபத்தில் வந்த வார்த்தை இல்லை அது. காய்கறிக்குப் போனால் இருபது நிமிஷம், அக்காவைப் பார்க்கப் போனால் இரண்டு மணி நேரம். தாண்டினால் திட்டவும் மாட்டீர்கள், கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பேன். மூன்று வருஷமாக எனக்கு மூச்சு முட்டுகிறது.

சரி, அந்த அட்டவணைக்கு வருகிறேன். நம் டிப்போ ஷெட்யூல் மாதிரியே கோடு போட்டு, முதல் டிரிப், இரண்டாம் டிரிப், சாப்பாட்டுக்கு "ஓய்வு 20 நிமிடம்" என்றெல்லாம் எழுதிக் கொடுத்தீர்களே, அதுதான். டூர் பஸ் எட்டரை மணிக்கு. இந்த ஊர்க் கடிகாரம் நம் ஊரை விட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நீங்கள் அதை நம் நேரத்துக்கு மாற்றிப் பதினொன்று என்று போட்டிருந்தீர்கள். நான் நல்ல பிள்ளையாகப் பத்து ஐம்பதுக்கே லாட்ஜ் வாசலில் போய் நின்றேன். வரவேற்பில் இருந்த பெண் கையை விரித்தாள். நூற்றைம்பது பஸ்ஸுக்கு நிமிஷம் பிசகாமல் நேரம் போடுகிற மனிதர், கட்டிய பெண்டாட்டிக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் கோட்டை விட்டுவிட்டார்!

சொல்லிச் சிரிக்கத்தான் உடனே போன் செய்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அப்புறம், "நீ எப்ப எங்க இருப்பேன்னு இங்கிருந்தே பாத்துக்கலாம்னு எனக்கு ஒண்ணு நம்ம நேரத்துல எழுதினேன். அவசரத்துல அதையே உன் பையில வெச்சுட்டேன் போல" என்றீர்கள்.

மறுநாள் எட்டரைக்கு நிற்கச் சொல்லி டூர்க்காரர் சொல்லி அனுப்பினார். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு, மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று பஸ் போவதை வேடிக்கை பார்த்தேன். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிறகு தெருவுக்கு வந்து, முதலில் வந்த டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனேன். அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் உங்கள் டைம் கீப்பர் இனத்தைச் சேர்ந்த ஒரு அம்மாள், காதில் பென்சில் செருகிக்கொண்டு, டிரைவரோடு பேசிச் சிரித்துவிட்டு நாலு நிமிஷம் தாமதமாகப் பஸ்ஸை அனுப்பினார். குடியா முழுகிப் போயிற்று?

இன்னொரு நாள் பொத்தான் மட்டுமே விற்கிற தெரு ஒன்றில் மாட்டிக்கொண்டேன். இரண்டு பக்கமும் பொத்தான், ஐயோ, எத்தனை வகை! உங்கள் காக்கிச் சட்டைக்கு ஒன்று பார்த்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ அவர் மொழியில் சொல்லி, கூட இரண்டு சும்மா போட்டுக் கொடுத்தார். படகில் ஆற்றைத் தாண்டிப் போனேன், உடனே திரும்பினேன், மறுபடியும் போனேன். டிக்கெட் கிழிக்கிறவர் மூன்றாம் தடவை என்னிடம் கையே நீட்டவில்லை.

நேற்று அக்கரையில் வழி தப்பிவிட்டேன். நல்ல மழை வேறு. ஒரு தையற்கடைப் பெண் உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டாள். மழை விடும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே மூன்று, அங்கே ஐந்தரை. இப்போது ஷிப்டு முடிந்திருக்கும். இப்போது சைக்கிளை எடுத்திருப்பார். இப்போது ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்திருப்பார். அப்போதுதான் உறைத்தது, நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. பாவம் அந்தப் பெண், நான் வழி தெரியாமல் அழுகிறேன் என்று நினைத்து வரைபடம் போட ஆரம்பித்துவிட்டாள்.

அதற்காக நீங்கள் செய்ததெல்லாம் சரியென்று ஆகிவிடாது. எனக்குப் போகவும் வேண்டும், போன இடத்தில் கொஞ்சம் நிற்கவும் வேண்டும். என்ன பார்த்தேன் என்று வந்து நானாகவே சொல்வேன், இப்போது சொல்லவில்லையா? எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது.

உங்கள் தங்கை இன்னொன்றும் சொன்னாள். "அண்ணி, அண்ணன் நேத்து ஒரு பஸ்ஸை எட்டு நிமிஷம் லேட்டா அனுப்பிட்டாராம். டிப்போவே பேசுது" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என் டிக்கெட்டை நாலு நாள் தள்ளிப் போட்டுவிட்டேன். பதறாதீர்கள். அக்காவுக்கும் போன் செய்து, உன் வீட்டுக்கு வரவில்லை என்று சொல்லியாயிற்று. உங்கள் டிக்கெட் இன்னும் ரத்தாகவில்லை, தேதி மாற்றினால் போதும். அறையில் இரண்டு கட்டில். இன்னொன்றில் ஈரத் துணி காயப்போட்டிருந்தேன், இப்போது எடுத்துவிட்டேன்.

லீவு கேளுங்கள். தராவிட்டால் சண்டை போடுங்கள், ஒரு தடவையாவது. வந்துவிடுங்கள். வந்தால் எங்கே கூட்டிப் போவேன் என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

எப்போது வந்தாலும் சரி என்று காத்திருக்கும்,
உங்கள் மனைவி